ஐம்பதுக்குக் கீழே

விடியல் என்று தனியாக ஒன்று வராது இங்கே.
எட்டு மணி என்று கடிகாரம் சொன்னால்
நம்பி எழ வேண்டியதுதான்.
வானொலிப் பெண் மூக்கடைத்த குரலில்
மைனஸ் ஐம்பத்திரண்டு என்கிறாள்.
போர்வைக்குள்ளிருந்து ஒரு கூச்சல்:
பள்ளிக்கூடம் இல்லை!
எட்டு வயது எர்ச்சிமுக்குக் குளிர்
தூரத்து மாமா மாதிரி.
வரும்போதெல்லாம் விடுமுறையோடு வருகிறார்.

எனக்கு அப்படியில்லை.
மூன்று கதவுகளைத் திறந்து மூடி,
மூச்சு என் காதருகிலேயே உறைந்து நொறுங்கும்
சத்தத்தைக் கேட்டபடி,
நவம்பரில் ஏரியிலிருந்து அறுத்து அடுக்கிய கட்டிகளில்
ஒன்றைக் கோடரியால் பிளந்து
இடுப்பில் ஏந்தி வர வேண்டும்.
இன்றைய தண்ணீர் அது.

இன்று உடைத்த துண்டுக்குள் ஒரு புல்.
பச்சை மாறவில்லை.
ஏதோ சொல்ல வாயெடுத்து
மறந்துபோனவர் போல் வளைந்து நின்றது.
அண்டாவில் போட்டு, மூடாமல் வைத்தேன்.
முக்காலிகளை இழுத்துப் போட்டு
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
தொலைக்காட்சி முன்னால்கூட
இவ்வளவு அசையாமல் இருந்ததில்லை அவன்.
புல் விடுபட்டு மிதந்தபோது
"கோடை வந்துடுச்சு" என்றான்.

பால், எங்கள் தெருவில் ஊற்றுகிற பொருளில்லை.
அக்குலினா கோணிப்பையில் கொண்டுவந்து
மேசைமேல் கொட்டுவாள்:
கிண்ணங்களில் உறைந்த வட்டுகள்,
மேலே மஞ்சளாக ஏடு.
"நர்யானா, எண்ணிக்கோ, ஆறு!"
கத்தியால் சுரண்டும்போது உதிரும் முதல் சீவல் எனக்கு.
மகனுக்குக்கூடத் தர மாட்டேன்.
நாக்கில் வைத்துக் கண்ணை மூடும் அந்த நேரம்
யார் கூப்பிட்டாலும் காது கேட்காது.

துணியைப் பற்றிச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.
எங்கெங்கோ போய்விட்டேன்.

நேற்று முற்றத்துக் கொடியில் போட்டவை.
மடிக்க நினைத்தால் ஒடிந்துவிடும்.
விறகைப் போல் கக்கத்தில் இடுக்கி வந்தேன்.
தலையணை உறைகள் பலகைகள்.
எர்ச்சிமின் சட்டை இரு கைகளையும் விரித்து
ஏதோ ஒரு பேருந்தை நிறுத்துகிறது.
கடைசியாக பிரோக்கோப்பியின் நீல வேலை உடுப்பு,
தோளிலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டு.
வாசலில் நுழையச் சற்றுக் குனிய வைத்தேன்.
அவனும் அப்படித்தான் நுழைவான்.

அடுப்பருகே சுவரில் சாய்த்து நிறுத்தியதும்
எர்ச்சிம் ஓடிப்போய்க் கம்பளித் தொப்பி கொண்டுவந்து
தலை இருக்க வேண்டிய இடத்தில்
ஆணியில் மாட்டினான்.
"அப்பா, டீ வேணுமா?"
அப்பா பதில் சொல்லவில்லை. வழக்கம்தான்.

முதலில் ஒரு முழங்கால் தளர்ந்தது.
பிறகு இடது தோள்.
லேனா ஆற்றின் பனிமேல்
இரண்டு ராத்திரி லாரி ஓட்டி வந்தவன் போல
மெல்ல, மிக மெல்லத்
தரையில் உட்கார்ந்தார் அப்பா.
பூனை போய் மடியில் சுருண்டது.
அவ்வளவுதான்,
எர்ச்சிம் உருண்டு உருண்டு சிரிக்கிறான்,
நான் அகப்பையைக் கீழே போட்டுவிட்டு
வயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன்.
விக்கல் வந்தது எனக்கு. நிற்கவே இல்லை.

பிறகு, அவன் பார்க்காதபோது,
கழுத்துப்பட்டியில் முகம் வைத்துப் பார்த்தேன்.
டீசல் இல்லை, சோப்பு இல்லை,
வெறும் குளிரின் வாசனை.
புதுக் காகிதக் கட்டைப் பிரித்தால் வருமே, அது.

வியாழக்கிழமையிலிருந்து
ஆற்றுப்பாதையில் சிக்னல் கிடையாது.
இன்று சனி. வழியில் தங்கியிருப்பான்,
எங்காவது சூப் குடித்துக்கொண்டிருப்பான்.

எர்ச்சிம் ஐந்து ரூபிள் காசொன்றை
அடுப்பில் சுட வைத்து
ஜன்னல் உறைபனியில் அழுத்துகிறான்.
காசளவு ஒரு வட்டம் திறக்கிறது.
எதிர்வீட்டில் மெத்தை போர்த்திய கார்.
தெரு முழுக்க மூடுபனி.
நடுப்பகல் வெளிச்சம், பாலேட்டின் நிறத்தில்,
சற்று நேரம் அவன் கண்ணிமைமேல் உட்கார்கிறது.

வட்டம் ஓரத்திலிருந்து மூடத் தொடங்குகிறது.
"காசு ஆறிடுச்சும்மா" என்கிறான்.
அடுப்பில் இடம் ஒதுக்கித் தருகிறேன்,
கெண்டியைச் சற்றுத் தள்ளி.